பகலில் அடக்க முடியாத தூக்கம்: யாரிடம் காட்டுவது, ஒரு நாளை எப்படிக் கடத்துவது?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்)
2025 பிப்ரவரி 11

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 30 வயது. கடலூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் புதுச்சேரி சென்று ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். இரவு 10 மணிக்குப் படுத்துக் காலை 5.30-க்கு எழுகிறேன். ஏழரை மணி நேரம் தூங்கிய பிறகும், பேருந்தில் உட்கார்ந்தால் பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் கண் சொக்கிவிடுகிறது. முருங்கப்பாக்கத்தில் இறங்க வேண்டிய நான் மூன்று முறை பேருந்து நிலையம் வரை போய், நடத்துநர் தட்டி எழுப்பிய பிறகே கண் விழித்திருக்கிறேன்.

அலுவலகத்தில் நடப்பதுதான் என்னை அதிகம் அச்சுறுத்துகிறது. மதியம் இரண்டு மணிக்கு மேல் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ரசீதுகளைப் பதிவு செய்துகொண்டிருப்பேன். கை ஓடிக்கொண்டிருக்கும், கண்ணும் திறந்திருக்கும். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் ஒரே தொகை பத்துப் பன்னிரண்டு முறை பதிவாகியிருக்கும்; அதைச் செய்த நினைவே எனக்கு இருக்காது. சென்ற மாதம் இப்படி நேர்ந்த ஒரு பிழையால் வரிக் கணக்கைத் திருத்தி அனுப்ப வேண்டியதாயிற்று. பணி நேரத்தில் உறங்கியதற்கு விளக்கம் கேட்டு மேலாளர் கடிதம் கொடுத்திருக்கிறார்.

அருகிலுள்ள மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்தேன். ஹீமோகுளோபின் 12.4. தைராய்டும் சர்க்கரையும் சரியாக உள்ளன. உடம்பில் ஒன்றுமில்லை, மனத்தை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாமியார் நல்லவர்தான்; ஆனாலும் விளக்கு வைக்கும் நேரத்தில் உறங்கும் மருமகளைப் பற்றி அவருக்கு மனக்குறை இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புப் படித்த காலம் முதலே எனக்கு இந்தத் தொல்லை உண்டு. சோம்பேறி என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு, அது உண்மைதானோ என்று நானே நம்பத் தொடங்கிவிட்டேன்.

எந்தத் துறை மருத்துவரைப் பார்க்க வேண்டும்? அதுவரை வேலையை இழக்காமல் ஒரு நாளை எப்படிக் கடத்துவது? அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


உப்பனாற்றுக்காரன் (முதுநகர், கடலூர்)
2025 பிப்ரவரி 11

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அசதியும் தூக்கமும் வெவ்வேறு. அசதி உள்ளவருக்கு உட்காரத் தோன்றும், உடம்பு கனக்கும்; ஆனால் படுத்தால் உடனே தூக்கம் வந்துவிடாது. உங்களுக்கு வருவது தூக்கம். இரத்தச்சோகை, தைராய்டு ஆகியவற்றோடு விசாரணை நின்றுபோனதற்குக் காரணம், நீங்கள் "தூக்கம்" என்று சொன்னதை மருத்துவர் "அசதி" என்று எழுதிக்கொண்டதாக இருக்கலாம். எனக்கு அப்படித்தான் இரண்டு ஆண்டுகள் வீணாயின.

எனக்கு 53 வயது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலை, புதுச்சேரியிலிருந்து இருசக்கர வாகனத்தில் திரும்பும்போது கன்னியக்கோயில் அருகே விழித்தபடியே தூங்கிச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டேன். எதிரே வண்டி வராதது என் நல்வினை. அதன் பிறகுதான் என் மனைவி, நான் குறட்டை விடுவதையும் நடுநடுவே மூச்சு நின்று, பிறகு திணறி இழுப்பதையும் கைபேசியில் பதிவு செய்து நுரையீரல் மருத்துவரிடம் போட்டுக் காட்டினார். அவர் என்னிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்தார். எப்வொர்த் அளவுகோல் என்று அதற்குப் பெயர். மெல்போர்னில் மரே ஜான்ஸ் என்ற மருத்துவர் 1991-இல் உருவாக்கியது. உட்கார்ந்து படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, பொது இடத்தில் சும்மா அமர்ந்திருக்கும்போது, ஒரு மணி நேரம் வண்டியில் பயணியாகச் செல்லும்போது, இன்னும் இவை போன்றவையாக மொத்தம் எட்டுச் சூழல்களில் கண்ணயரும் வாய்ப்பு எவ்வளவு என்று 0 முதல் 3 வரை நாமே மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டியது. எனக்கு 17 வந்தது.

தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டி ஓர் இரவு முழுவதும் படுக்க வைத்துப் பார்த்ததில், மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுவது தெரிந்தது. ஐந்துக்குக் கீழே இருக்க வேண்டியது. முப்பதைத் தாண்டினால் கடுமையானது. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து காற்றுக்குழாய் மூடிக்கொள்ளும்போது இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை உடனே உலுக்கி எழுப்புகிறது. நான் மறுபடி உறங்குகிறேன். இப்படி நூற்றுக்கணக்கான முறை எழுந்ததில் ஒன்றுகூடக் காலையில் என் நினைவில் இருந்ததில்லை. எட்டு மணி நேரம் தூங்கினேன் என்றே சத்தியம் செய்திருப்பேன்.

மூக்கில் முகமூடி வைத்துக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் சி-பேப் கருவியை இப்போது பயன்படுத்துகிறேன். முதல் மூன்று வாரம் பெரும் துன்பம்: மூக்கு உலர்ந்தது, கன்னத்தில் தழும்பு விழுந்தது, நள்ளிரவில் கழற்றி எறிந்தேன். முகமூடியின் அளவை மாற்றிய பிறகு பழகிவிட்டது. அதன் அருமை 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோதுதான் முழுமையாகப் புரிந்தது. எங்கள் தெருவில் மூன்று இரவுகள் மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் பகலில் வெள்ள நிவாரணப் பொருள் வாங்கும் வரிசையிலேயே எனக்குப் பழைய தூக்கம் வந்து நின்றது. இப்போது இன்வெர்ட்டர் வைத்திருக்கிறேன். கருவியில் நீரைச் சூடாக்கும் பகுதியை அணைத்துவிட்டால் மின்கலம் வெகுநேரம் தாங்குகிறது. மழைக்காலத்துக்கு முன் இங்குள்ளவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

பெண்களுக்கு, அதுவும் ஒல்லியானவர்களுக்கு, இது வராது என்று எண்ண வேண்டாம். சிறிய தாடை உள்ளவர்களுக்கும் வரும். நீங்கள் குறட்டை விடுகிறீர்களா என்று கணவரைக் கேளுங்கள்.


மூன்றாம் ஷிப்ட் (நெய்வேலி)
2025 பிப்ரவரி 12

எல்லாரும் நோயையே பேசுவதால் எதிர்க் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். சுழல் ஷிப்டில் 22 ஆண்டுகள் வேலை செய்தவன் நான். "ஏழரை மணி நேரம் தூங்குகிறேன்" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் படுக்கையில் கிடக்கும் நேரத்தைத்தான் சொல்கிறார்கள். பத்து மணிக்குப் படுத்து, பதினொன்றரை வரை கைபேசியைப் பார்த்து, இடையில் இரண்டு முறை எழுந்தால் அது ஆறு மணி நேரத் தூக்கம்கூட ஆகாது. இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் நேர்மையாக எழுதிப் பாருங்கள்: படுத்த நேரம், உறங்கியதாகத் தோன்றும் நேரம், எழுந்த நேரம், பகலில் கண்ணயர்ந்த நேரம், குடித்த தேநீர், காப்பி. தூக்கக் கடன், அதாவது உறங்காமல் விட்ட நேரம், எங்கே இருக்கிறது என்பது தாளில் தெரிந்துவிடும்.

இரவு வேலை முடித்துக் காலை ஆறு மணிக்கு வெளியே வரும்போது வெயில் முகத்தில் அடித்தால் உடம்பு அதைப் பகல் என்று எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு எவ்வளவு புரண்டாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் நிற்காது. நான் கறுப்புக் கண்ணாடி அணிந்து வீடு வந்து, சன்னலுக்குக் கனத்த கறுப்புத் துணி கட்டி, வாசல் மணியைக் கழற்றிவிட்டு உறங்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் ஒன்பது மணிக்கு மேல் குக்கர் விசில் கேட்காது. இத்தனையும் செய்த பிறகுதான் நான் ஆளானேன். மாத்திரைக்கும் கருவிக்கும் ஓடும் முன் ஒழுங்கான தூக்கத்தை ஒரு மாதம் கடைப்பிடித்துப் பார்க்கலாம் என்பது என் கருத்து.


பாகூர் ஏரிக்கரை (பாகூர், புதுச்சேரி)
2025 பிப்ரவரி 12

நெய்வேலி அண்ணா சொல்லும் குறிப்பேட்டை நான் முழுமனத்துடன் வழிமொழிகிறேன்; எந்தத் தூக்க மருத்துவரும் முதலில் அதைத்தான் கேட்பார். ஆனால் ஒரு மாதம் காத்திருக்கச் சொல்வதற்கு முன் சகோதரியிடம் நான்கு கேள்விகள் கேட்க விரும்புகிறேன். வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் துவள்வது, தலை தொங்குவது, கையிலிருப்பது நழுவுவது போன்றவை நேர்ந்ததுண்டா? கண் விழித்த பிறகும் கை கால் அசைக்க முடியாமல் கிடந்ததுண்டா? கண்ணை மூடிய சில நிமிடங்களுக்குள்ளேயே கனவு வருகிறதா? பத்து நிமிடம் கண்ணயர்ந்தால் தெளிச்சி கிடைக்கிறதா? யோசித்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.


கெடிலக்கரை
2025 பிப்ரவரி 13

ஐயா, உங்கள் கேள்விகளைப் படித்துவிட்டு நேற்று இரவு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவற்றைத் தூக்கத்தோடு சேர்த்து நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

சிரித்தால் கால் துவளும். என் தங்கையின் வளைகாப்பில் வளையல் அடுக்கிக்கொண்டிருக்கும்போது சித்தி ஏதோ சொல்ல, அடக்க முடியாமல் சிரித்தேன். முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நினைவு தவறவில்லை. எல்லாரும் பேசியது கேட்டது. அரை நிமிடத்தில் எழுந்துவிட்டேன். வெயிலில் வந்த மயக்கம் என்று சொல்லி எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பலர் கூடும் இடத்தில் நான் சிரிப்பதையே குறைத்துக்கொண்டேன்.

விழித்தும் அசைய முடியாமல் கிடப்பது மாதத்தில் மூன்று நான்கு முறை நடக்கிறது. மார்பின் மேல் யாரோ அமர்ந்திருப்பதுபோல் இருக்கும். அமுக்குவான் பேய் என்று பாட்டி தலையணைக்குக் கீழே இரும்புச் சாவி வைப்பார். இப்போதும் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். பேருந்தில் பெண்ணையாற்றைத் தாண்டும் முன்பே கனவு தொடங்கிவிடுகிறது. வெளியே நடத்துநர் கூவும் குரல் அந்தக் கனவுக்குள்ளேயே கேட்கும். பத்து நிமிடம் உறங்கினால் தெளிவு வருகிறது. ஆனால் இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் தூக்கம்.

குறட்டை இல்லை என்று கணவர் சொல்கிறார். முதுநகர் ஐயா சொன்ன அளவுகோலில் எனக்கு 20 வந்தது.


பாகூர் ஏரிக்கரை
2025 பிப்ரவரி 14

சகோதரி, நோயை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது என் கதையின் மறுபதிப்பாகவே இருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நான் ஓர் ஆசிரியன். எனக்கு நார்கோலெப்ஸி என்ற நோய் இருப்பது, அறிகுறிகள் தொடங்கிப் பதினொரு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. இந்தத் தாமதம் எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. உலகம் முழுவதும் இந்நோயாளிகள் பெயர் தெரியாமலே பல ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். பயிற்சிக் கல்லூரியில் என்னைக் கும்பகர்ணன் என்று அழைத்தார்கள். உடன் பணிபுரிந்தவரின் பிரிவு உபசார நாளில் சிரித்தபோது கையிலிருந்த காப்பிக் குவளையோடு சரிந்து விழுந்தேன். வலிப்பு என்று முடிவு செய்து இரண்டு ஆண்டுகள் அதற்குரிய மாத்திரையைக் கொடுத்தார்கள். அந்த மாத்திரை தூக்கத்தை இன்னும் கூட்டியது. விழுந்த நேரத்தில் எனக்கு நினைவு இருந்தது என்பதை அந்த மருத்துவரிடம் நான் அழுத்திச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நீங்கள் மருத்துவரிடம் போகும்போது முதல் வாக்கியமாகவே இதைச் சொல்லுங்கள்: "சிரித்தால் விழுகிறேன், ஆனால் நினைவு தவறுவதில்லை." இதற்கு கேட்டாப்லெக்ஸி என்று பெயர். நார்கோலெப்ஸியை அடையாளம் காட்டும் அறிகுறிகளில் இதைப் போல் உறுதியானது வேறில்லை.

நார்கோலெப்ஸி என்ற பெயரை 1880-இல் ஜெலினோ என்ற பிரெஞ்சு மருத்துவர் வைத்தார். காரணம் தெரிய நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில், நம்மை விழிப்பில் நிறுத்திவைக்கும் ஒரெக்ஸின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் இருக்கின்றன. 1998-இல்தான் அந்தப் பொருளே கண்டறியப்பட்டது. கேட்டாப்லெக்ஸியோடு வரும் நார்கோலெப்ஸியில் இந்த அணுக்கள் பெரும்பாலும் அழிந்துபோயிருக்கும். உடம்பின் எதிர்ப்பாற்றலே தவறிப்போய் அவற்றைத் தாக்குகிறது என்று கருதுகிறார்கள். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே உள்ள கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் போய்விடுகிறது என்று என் மாணவர்களுக்கு விளக்குவேன். கனவுத் தூக்கத்தில் எல்லாருக்கும் தசைகள் செயலற்றுப் போகும். கனவில் ஓடுபவர் கட்டிலிலிருந்து இறங்கி ஓடாமல் இருப்பது அதனால்தான். அந்தச் செயலற்ற நிலை நமக்கு விழிப்பிலும் நுழைந்துவிடுகிறது. சிரிப்பில் நுழைந்தால் கால் துவள்கிறது. விழிக்கும் நேரத்தில் தங்கிவிட்டால் பாட்டி சொன்ன அமுக்குவான். உங்கள் சாவியை எடுத்துவிடச் சொல்ல மாட்டேன், அது பாட்டியின் அன்பு; அச்சத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இப்படி அசைய முடியாமல் கிடப்பது நோயே இல்லாத பலருக்கும் வாழ்வில் ஓரிரு முறை நேரும். ஆகவே அதை மட்டும் வைத்துக்கொண்டு வேறு யாரும் இங்கே கலங்க வேண்டாம்.

நரம்பியல் துறையில் காட்டுங்கள். நான் பெங்களூரு நிம்ஹான்ஸ் சென்றேன். சோதனை இரண்டு பகுதி. முதல் இரவு, முதுநகர் ஐயா சொன்ன அதே ஒயர்களுடன் உறங்க வேண்டும். மூச்சுத் தடையோ வேறு கோளாறோ இல்லை என்று உறுதி செய்யத்தான். மறுநாள் பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாக ஐந்து தடவை, இருட்டறையில் 20 நிமிடம் படுக்கச் சொல்வார்கள். எத்தனை நிமிடத்தில் உறங்குகிறோம், கனவுத் தூக்கம் எப்போது தொடங்குகிறது என்று பார்ப்பார்கள். மற்றவர்களுக்குக் கனவுத் தூக்கம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சராசரியாக எட்டு நிமிடத்துக்குள் உறங்கி, இரண்டு முறையாவது பதினைந்து நிமிடத்துக்குள் கனவுத் தூக்கம் வந்துவிட்டால் நார்கோலெப்ஸி என்று கொள்வார்கள். எனக்குச் சராசரி மூன்று நிமிடம். ஐந்தில் நான்கு முறை கனவு. முடிவுத் தாளைப் பார்த்து நான் அழுதேன் என்பதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பதினொரு ஆண்டுகளாக என்மேல் சுமத்தப்பட்ட பழி அந்தத் தாளில் தீர்ந்துபோயிருந்தது.

இனி, ஒரு நாளைக் கடத்துவது எப்படி என்ற உங்கள் இரண்டாவது கேள்வி. தூக்கம் வந்த பிறகு அதோடு போராடுவதை விட்டுவிட்டு, அது வரும் முன்பே நாமாகப் போய் உறங்கிவிட வேண்டும். மதிய உணவு இடைவேளையில் 20 நிமிடம், மாலை நான்கு மணிக்கு 15 நிமிடம். அதற்கு மேல் போனால் எழும்போது தலை கனக்கும். புதுச்சேரிக் கடைவீதியில் மதியம் ஒரு மணிக்குக் கதவை இறக்கி நான்கு மணிக்குத் திறக்கும் பழக்கம் உள்ள ஊரில் இருந்துகொண்டு, ஒருவர் 20 நிமிடம் கண்ணயர்வதை நாம் குற்றமாகப் பார்ப்பது எனக்கு எப்போதும் வேதனை தருகிறது. மதியம் சோற்றைப் பாதியாகக் குறைத்துக் காயும் பருப்பும் முட்டையும் கூட்டிக்கொண்டேன். இரண்டு மணித் தூக்கம் முழுவதும் போகவில்லை, ஆனால் அதன் வேகம் தணிந்தது. எண் பதியும் வேலையை முற்பகலுக்கும், தொலைபேசிப் பேச்சு, கோப்பு அடுக்குவது போன்ற அசைவுள்ள வேலைகளைப் பிற்பகலுக்கும் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். நானும் தலைமையாசிரியரிடம் மருத்துவச் சான்றைக் காட்டி, உணவுக்குப் பின் வரும் முதல் பாடவேளையை விளையாட்டு மைதானப் பொறுப்பாக மாற்றிக்கொண்டேன்.

வண்டி ஓட்டுவதை மருத்துவர் அனுமதிக்கும் வரை நிறுத்திவிடுங்கள். சமையலில் கொதிக்கும் எண்ணெய்க்கு முன் தனியாக நிற்க வேண்டாம்.


மருந்து மேசை (நெல்லித்தோப்பு, புதுச்சேரி)
2025 பிப்ரவரி 15

மருந்தாளுநர் என்ற முறையில் சில செய்திகள். பகல் தூக்கம் என்று வருபவர்களின் பையைக் கொட்டிப் பார்த்தால், காரணம் சில நேரம் அதற்குள்ளேயே கிடக்கும். சளிக்கும் அரிப்புக்கும் பலர் நாள்கணக்கில் போடும் செட்ரிசின், குளோர்பெனிரமின், நரம்பு வலிக்கான பிரீகேபலின், அமிட்ரிப்டிலின், பதற்றத்துக்கான குளோனசெபம். இவை எல்லாமே தூக்கத்தை உண்டாக்கக்கூடியவை. மருத்துவரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துச் செல்லுங்கள். தாமாகவே எதையும் நிறுத்த வேண்டாம். திடீரென நிறுத்தினால் தீங்கு செய்யும் மருந்துகள் இவற்றில் உண்டு.

மோடஃபினில் என்ற விழிப்பு மாத்திரையைச் சீட்டு இல்லாமல் கேட்டு மாணவர்கள் தேர்வுக் காலத்தில் வருகிறார்கள். நான் கொடுப்பதில்லை, கொடுக்கவும் கூடாது. அது தூக்கக் கடனை அடைப்பதில்லை; கடன்காரன் கதவைத் தட்டும் ஓசையை மட்டும் கேட்காமல் செய்கிறது. தலைவலி, பசியின்மை, நெஞ்சுப் படபடப்பு வரலாம். அரிதாகக் கடுமையான தோல் தடிப்பு வரும்; அப்போது உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். மாலையில் போட்டால் இரவுத் தூக்கமும் போய்விடும். பெண்களிடம் நான் தவறாமல் சொல்வது ஒன்றுண்டு: கருத்தடை மாத்திரையின் ஆற்றலை இது குறைக்கிறது.

காப்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காப்பியின் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. குடிப்பதானால் மதியத் தூக்கத்துக்குச் சற்று முன்பு குடித்துவிட்டு உடனே படுங்கள்; அது வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் எழுந்துவிடுவீர்கள்.


பலாத்தோப்பு (பண்ருட்டி)
2025 பிப்ரவரி 16

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். வகுப்பில் தூங்குகிறாள் என்று என்னை அழைத்துக் கண்டித்தார்கள். இரவு 11.30 வரை படிக்கிறாள்; காலை 5 மணிக்குத் தனிவகுப்பு. அவளுக்கும் இந்த நோயாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன்.


பாகூர் ஏரிக்கரை
2025 பிப்ரவரி 16

அண்ணா, நீங்கள் எழுதிய கணக்குப்படி குழந்தை ஐந்தரை மணி நேரத்துக்கும் குறைவாக உறங்குகிறாள். அந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. சீக்கிரம் படுக்க வைத்தாலும் அவர்களுக்கு உடனே தூக்கம் வராது. ஆகவே வெட்ட வேண்டியது காலைத் தனிவகுப்பைத்தான். அதை மாலைக்கு மாற்றி, மூன்று வாரம் எட்டு மணி நேரம் உறங்க விடுங்கள். படித்தது நினைவில் பதிவதும் அந்தத் தூக்கத்தில்தான் நடக்கிறது. அதற்குப் பிறகும் வகுப்பில் கண்ணயர்ந்தால், சிரிக்கும்போது துவண்டால், குறட்டை விட்டால், அப்போது மருத்துவரிடம் காட்டுங்கள். தயவுசெய்து அதுவரை அவளைக் கடிந்துகொள்ள வேண்டாம்.


மூன்றாம் ஷிப்ட்
2025 பிப்ரவரி 17

ஆசிரியர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். தூக்கத்தை ஒழுங்குபடுத்தினால் எல்லாம் சரியாகும் என்று நான் எழுதியது இந்தச் சகோதரிக்குப் பொருந்தாது, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம், அம்மா. எங்களுடன் பணியாற்றிய ஒருவர் உணவறையில் சிரிக்கும்போதெல்லாம் மேசையைப் பிடித்துக்கொள்வார். அதைப் பார்த்து நாங்கள் இன்னும் சிரிப்போம். அவர் பல முறை தண்டனை பெற்று விருப்ப ஓய்வில் போய்விட்டார். அவரைத் தேடிப் பிடித்து இந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறது.


கெடிலக்கரை
2025 ஏப்ரல் 27

உங்கள் அனைவருக்கும் நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பிப்ரவரி இறுதியில் கோரிமேட்டில் ஜிப்மர் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் காட்டினேன். இரண்டு வாரக் குறிப்பேடு, எப்வொர்த் தாள், ஆசிரியர் ஐயா சொல்லித் தந்த முதல் வாக்கியம் ஆகிய மூன்றையும் கொண்டு சென்றேன். அந்த வாக்கியத்தைச் சொன்னதும் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். தூக்கப் பரிசோதனையைச் சென்னையில் செய்துகொண்டேன். இரவில் மூச்சுத் தடை இல்லை. பகலில் சராசரி நான்கு நிமிடம். ஐந்தில் மூன்று முறை கனவுத் தூக்கம். கேட்டாப்லெக்ஸியோடு கூடிய நார்கோலெப்ஸி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் 100 மில்லிகிராம் மோடஃபினில் தொடங்கி ஐந்து வாரம் ஆகிறது. முதல் வாரம் தலைவலி இருந்தது. தண்ணீர் நிறையக் குடித்ததில் குறைந்தது. எப்வொர்த் 20-லிருந்து 13-க்கு வந்திருக்கிறது. முழுவதும் தீராது என்பதைப் புரிந்துகொண்டேன்.

சென்னைக்கு மாமியார்தான் துணைக்கு வந்தார். பகல் முழுவதும் வெளியே நாற்காலியில் அமர்ந்திருந்து, ஒவ்வொரு முறையும் இருட்டறையிலிருந்து நான் வெளியே வரும்போது "இந்தத் தடவையும் தூங்கிட்டியா?" என்று கேட்டார். ஐந்தாம் முறை கேட்கவில்லை. என் தலையைத் தடவிவிட்டார். இப்போது விடுமுறை நாள்களில் இரண்டு மணிக்கு அவரே பாயை விரித்து, கடிகாரத்தைப் பார்த்து, இருபதாம் நிமிடம் தோளைத் தொடுகிறார்.

அலுவலகத்தில் கொடுத்த விளக்கக் கடிதத்தோடு மருத்துவச் சான்றையும் இணைத்தேன். மேலாளர் உடனே இசையவில்லை. பத்து நாள் கழித்து, பழைய கோப்புகள் இருக்கும் அறையில் 1.10 முதல் 1.30 வரை ஓய்வெடுக்க அனுமதி தந்தார். எண் பதியும் வேலை முழுவதும் முற்பகலுக்கு மாறியிருக்கிறது. மார்ச், ஏப்ரல் இரண்டு மாதக் கணக்கிலும் ஒரே தொகை இருமுறை பதிவான பிழை ஒன்றுகூட இல்லை. பேருந்தில், தவளக்குப்பம் வரும் நேரத்துக்குக் கைபேசியை அதிரும்படி வைத்துச் சட்டைப் பையில்லாததால் கைக்குள்ளேயே பிடித்துக்கொள்கிறேன். வழக்கமான நடத்துநரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொரு கேள்வி. இந்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று நானும் கணவரும் எண்ணியிருக்கிறோம். இந்த மாத்திரையோடு அது முடியுமா?


மருந்து மேசை
2025 ஏப்ரல் 28

சகோதரி, கருவுற்ற காலத்தில் மோடஃபினில் எடுப்பது அறிவுறுத்தப்படுவதில்லை. கருவிலுள்ள குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு நேரும் வாய்ப்பைப் பற்றிய கவலை உள்ளது. ஆகவே கருவுற்ற பிறகு கேட்பது தாமதம். முயற்சி தொடங்கும் முன்பே நரம்பியல் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் கலந்து பேசித் திட்டமிட வேண்டும். அதுவரை பாதுகாப்பான வேறு கருத்தடை முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் மாத்திரை முறையை மட்டும் நம்ப முடியாது. மருந்தை நிறுத்தும் மாதங்களில் பேருந்துப் பயணம், சமையல், பிறகு கைக்குழந்தையைத் தூக்குவது என ஒவ்வொன்றுக்கும் ஏற்பாடு வேண்டும். பல பெண்கள் இந்நோயோடு நலமாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள்.


கெடிலக்கரை
2025 ஏப்ரல் 28

நன்றி ஐயா. ஜூன் 3 அன்று எனக்கு மறுபரிசோதனை. அன்றைக்குக் கணவரையும் அழைத்துச் செல்கிறேன். நீங்கள் எழுதியதை அப்படியே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டேன். மருத்துவர் என்ன சொல்கிறார் என்பதை அன்று இரவே இங்கே பதிகிறேன்.